விழுக்காடும் நீதியும்

இருவேறு நிலையினரை ஒரே கோலால் அளத்தல் நடுவுநிலைமை ஆகுமா? மலேசியாவில் 1988இல் அறிமுகமான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை, பள்ளிகளும் மாவட்டங்களும் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு ஒப்பிடப்பட்டு வந்தன.

கிள்ளானில் உள்ள சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி மாணவர் தொகையிற் பெரிய பள்ளிகளுள் ஒன்று. தோட்டப்புறப் பள்ளிகள் பலவோ 150 பிள்ளைகளையும் எட்டாதவை. 200 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் சரிவு அரை விழுக்காடு. எட்டுப் பேர் எழுதும் பள்ளியிலோ அதே ஒருவனால் 12.5 விழுக்காடு சரியும். ஆசிரியரும் மாறவில்லை, பாடமும் மாறவில்லை, அவ்வாண்டு வகுப்பில் அமர்ந்த பிள்ளை மாறினான், அவ்வளவே. இவ்விழுக்காடுகளைக் கூட்டி மாவட்டச் சராசரி காண்போர் இந்த வேறுபாட்டையும் அதனுள் புதைத்துவிடுகின்றனர்.

கணக்கிற் பிழையில்லை என்பர். உண்மைதான். ஆயினும் அவ்வெண்ணுக்கு அஞ்சும் பள்ளி, மெல்லக் கற்கும் சிறுவனைக் கற்பிக்கப்பட வேண்டியவனாகக் காணாது, விழுக்காட்டைக் குறைக்க வந்தவனாகக் காணத் தலைப்படும். ஒப்பீட்டின் கொடுமை இதுவே.

எண்களை எறிந்துவிடவும் இயலாது. ஆசிரியர் பற்றாக்குறை எங்குள்ளது என்று காட்டுபவையும் அவையே. ஆனால், அந்த எண்மரும் முதலாம் ஆண்டில் எந்நிலையில் வந்து சேர்ந்தனர் என்ற குறிப்பும் தேர்ச்சி விழுக்காட்டின் அருகில் இடம்பெறல் வேண்டும்.