தீர்த்தமும் விடுமுறையும்: வர்க்கலாக் கடற்கரை எழுப்பும் கேள்வி

நீரும் நிலமும் கூடும் இடங்களைப் புண்ணியத் தலங்களாகக் கொண்டு அவற்றை நாடிச் செல்வது இந்தியச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான மிகப் பழைய வழக்கம். வேலையிலிருந்து சில நாள் விடுபட்டுக் கடற்கரை ஊரொன்றில் தங்கித் திரும்புவதோ, பெருந்திரளான மக்களுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் வாய்த்தது. முன்னதைத் தீர்த்த யாத்திரை என்றும் பின்னதை உல்லாசப் பயணம் என்றும் பிரித்துப் பேசுவதில் பொதுவாக யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. எனினும் இரண்டும் ஒரே மணற்பரப்பில், ஒரே காலைப்பொழுதில் நிகழும் ஊர்களில், அந்தப் பிரிவினை எதன்மேல் நிற்கிறது என்பது கடினமான கேள்வியாகிவிடுகிறது. வேறுபாடு இடத்தில் இருக்கிறதா, செல்பவரின் மனத்தில் இருக்கிறதா, இவ்விரண்டிலும் அடங்காத வேறொன்றில் இருக்கிறதா என்று ஆராய்வதற்குக் கேரளத்தின் தென்பகுதியில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள வர்க்கலாவைப் போலப் பொருத்தமான ஊர் அரிது.

தாழ்ந்த கடற்கரையும் காயல்களும் நிறைந்த கேரளத்தில் கடலோரமாகவே செங்குத்தான செம்மண் குன்று எழுந்து நிற்பது வர்க்கலாவின் தனித்தன்மை. மேலே செம்பாறாங்கல், அதன் கீழே நீரை உள்ளிழுக்கும் மணற்கல், அதற்கும் கீழே நீரை விடாத களிமண் என்று அடுக்கடுக்காக அமைந்த இந்தப் படிவுகளுக்கு நிலவியலாளர் இவ்வூரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். மேலே பெய்யும் மழை மணற்கல் வழியாக இறங்கி, களிமண்ணில் தடைபட்டு, குன்றின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கடலின் விளிம்பிலேயே நன்னீர் சுரக்கும் இந்த அமைப்பைப் பழைய மரபு தீர்த்தமாக, அதாவது புனித நீர்த்துறையாக, ஏற்றுக்கொண்டது. கடற்கரைக்கும் பாபநாசம் என்ற பெயர் வந்தது. தவம் செய்யத் தக்க இடத்தைக் காட்டும்படி வேண்டியவர்களுக்காக நாரதர் தம் மரவுரியை வீசினார், அது விழுந்த இடமே இது என்கிறது தல புராணம். கடற்கரைக்கு அருகே மேட்டில் நிற்கும் ஜனார்த்தன சுவாமி கோயிலில், திருமால் ஆசமனம் செய்பவராக, அதாவது உள்ளங்கையில் நீரேந்தி மந்திரத்தோடு உட்கொள்ளும் நிலையில், வலக்கையை உயர்த்தி நிற்கிறார். அந்தக் கை சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டிருக்கிறது என்றும், வாயைத் தொடும் நாளில் உலகம் முடியும் என்றும் மக்கள் நம்புகிறார்கள்.

மலையாள ஆண்டின் கர்க்கடக மாதத்து அமாவாசையன்று, பெரும்பாலும் தமிழகத்தின் ஆடி அமாவாசை வரும் அதே நாளில், பாபநாசம் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடுகிறது. இறந்த முன்னோருக்குச் செய்யும் பலிதர்ப்பணம் அன்றைய நிகழ்ச்சி: தருப்பையால் செய்த பவித்திரத்தை விரலில் அணிந்து, வாழையிலையில் சோற்றுப் பிண்டமும் எள்ளும் பூவும் வைத்து, புரோகிதர் சொல்லும் மந்திரங்களைத் திரும்பச் சொல்லி, இலையைக் கடலில் சேர்த்து மூழ்கி எழுகிறார்கள். ஆண்டின் மற்ற நாள்களிலும் சிறு அளவில் இது நடந்துவருகிறது. இதற்குச் சற்று வடக்கே, ‘நார்த் கிளிஃப்’ என்று எல்லோரும் வழங்கும் குன்றின் முகட்டில், விடுதிகளும் உணவகங்களும் யோகப் பயிற்சிக் கூடங்களும் ஆயுர்வேத நிலையங்களும் வரிசையாக நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பகுதி இது. பலியிட வந்தவரும் விடுமுறைக்கு வந்தவரும் ஒரே ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள், ஒரே அலையில் நனைகிறார்கள்.

இந்த நெருக்கத்தைக் கண்டவுடன் இரண்டு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. உல்லாசம் புனிதத்தைக் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. எல்லாம் மனத்தைப் பொறுத்தது, ஆகவே இருவருக்கும் வேறுபாடு இல்லை என்பது மற்றொன்று. முதல் விடை வரலாற்றோடு பொருந்தாது. திருவிழாக் கடைகளும் உறவினர் கூட்டமும் இல்லாத யாத்திரை இந்நாட்டில் என்றுமே இருந்ததில்லை. மகிழ்ச்சியை நீக்கிவிட்டுப் புனிதத்தை மட்டும் பிரித்தெடுக்க முற்படுவது, மக்கள் உண்மையில் எப்படி வழிபட்டார்கள் என்பதை அறியாதவர்களின் முயற்சி.

இரண்டாம் விடைக்குப் பலமான சான்றுகள் உண்டு. மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் தீர்த்த யாத்திரைப் பகுதி, கையும் காலும் மனமும் அடங்கியவனே தீர்த்தத்தின் பயனை அடைகிறான் என்று தொடக்கத்திலேயே நிபந்தனை விதிக்கிறது. அனுசாசன பருவமோ வாய்மையையும் பொறுமையையும் புலனடக்கத்தையுமே தீர்த்தங்கள் என்று கூறி, அவற்றை மானச தீர்த்தம், அதாவது மனத்தினுள் உள்ள நீர்த்துறை, என்று அழைக்கிறது. தமிழில் அப்பர், இறைவனை எங்கும் காணாதவர்க்கு ஆற்றிலும் கடலிலும் ஆடுவதால் என்ன பயன் என்று கேட்டவர். ஆயினும் அதே அப்பர் தலம் தலமாக நடந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. மனம் ஒன்றே போதுமானால் அந்த நடைக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு இரண்டாம் விடை பதில் தருவதில்லை.

பலிதர்ப்பணத்தையே கூர்ந்து நோக்கினால் வேறொரு வழி தென்படுகிறது. பிறப்பவர் ஒவ்வொருவரும் தேவர், முனிவர், முன்னோர் ஆகிய மூவருக்கும் கடன்பட்டே பிறக்கிறார்கள் என்பது வேத மரபின் கொள்கை. முன்னோர்க்குரிய கடன் பித்ரு ரிணம் எனப்படும். கடற்கரையில் நிற்கும் மகனோ மகளோ அந்த நேரத்தில் எத்தகைய மனநிலையில் இருக்கிறார்கள் என்று சடங்கு சோதிப்பதில்லை. துயரம் வற்றிப்போயிருக்கலாம், நம்பிக்கை தளர்ந்திருக்கலாம், இறந்தவரோடு உறவு கசந்துகூட இருந்திருக்கலாம். ஆனாலும் வந்திருக்கிறார்கள், பெயரைச் சொல்கிறார்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார்கள். ஆகவே யாத்திரையை யாத்திரையாக்குவது உணர்ச்சியின் தரத்தை விட, பயணி தன்னைப் பிறர்க்குப் பொறுப்புடையவராக ஒப்புக்கொண்டு புறப்படுவதே என்று கருத இடமிருக்கிறது. விடுமுறையின் சாரமோ இதற்கு நேர் எதிரானது: சில நாளேனும் எவர்க்கும் பதில் சொல்ல வேண்டாத நிலையை அது தேடுகிறது.

இந்த எதிர்நிலையை மாற்ற முடியுமா என்று வர்க்கலாவிலேயே ஒருவர் சிந்தித்திருக்கிறார். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவகிரிக் குன்றில் 1904 முதல் தம் ஆசிரமத்தை அமைத்துக்கொண்டு, 1912-இல் அங்கே சாரதையை, அதாவது கல்வித் தெய்வமான கலைமகளை, நிறுவி, 1928 செப்டம்பர் 20-இல் அங்கேயே மறைந்த நாராயண குரு அவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர், திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கம் என்னும் சைவ ஞான நூலையும் மலையாளத்தில் பெயர்த்தவர், குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையில் தவம் இருந்தவர் என்ற வகையில் தமிழர்க்கும் அவர் உரியவர். அத்வைதியான அவருக்கு, அதாவது உயிரும் பரம்பொருளும் வேறல்ல என்ற கொள்கை உடையவருக்கு, ஓரிடத்தை மற்றோரிடத்தைவிடப் புனிதமானது என்று கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1928 ஜனவரியில் கோட்டயத்து நாகம்படம் கோயிலில் அவர் தங்கியிருந்தபோது, சிவகிரிக்கு ஒரு யாத்திரையை ஏற்படுத்த அனுமதி கேட்டு அன்பர்கள் வந்தார்கள். அவர் அனுமதித்த விதத்தை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு தோன்றுகிறது. நாளாக அவர் தேர்ந்தது நட்சத்திரமோ திதியோ பார்த்துக் குறித்த நாளை அன்று, ஆங்கிலப் புத்தாண்டை. உலகியல் நாட்காட்டியின் ஒரு விடுமுறையை. அதற்கு முன் பத்து நாள் நோன்பும், உடல், உணவு, மனம், வாக்கு, செயல் ஆகிய ஐந்திலும் தூய்மையும் போதும் என்றார். இந்த ஐந்து தூய்மைகளையும் புத்தர் பெயரோடு இணைத்தே கூறினார். உடை மஞ்சளாக இருக்கட்டும் என்றவர், அதற்காகப் பட்டோ புதுத்துணியோ வாங்க வேண்டாம், இருக்கும் வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் தோய்த்துக்கொண்டால் போதும் என்று சேர்த்துக்கொண்டார். உருத்திராக்கம் தேவையில்லை, ஆடம்பரமும் வீண் செலவும் கூடாது. பிறகு, இத்தனை பேர் வந்து கூடுவதன் நோக்கம் என்ன என்று அவரே கேட்டு, எட்டுப் பொருள்களை விடையாகத் தந்தார்: கல்வி, சுகாதாரம், இறைபக்தி, கூட்டு அமைப்பு, விவசாயம், வாணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. இவற்றில் தேர்ந்தவர்களை வரவழைத்துப் பேசச் செய்ய வேண்டும், கேட்டவர்கள் ஊர் திரும்பி அவற்றை நடைமுறையில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மறைவுக்குப் பின் தொடங்கிய அந்த யாத்திரை, டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை இன்றும் நடைபெறுகிறது.

இந்த எட்டில் இறைபக்தி ஒன்றாக மட்டும், அதுவும் சுகாதாரத்துக்கும் அமைப்புக்கும் இடையே, வைக்கப்பட்டிருப்பதைச் சமயச் சார்பற்ற சீர்திருத்தத்தின் அடையாளமாகச் சிலர் வாசிக்கக்கூடும். அந்த வாசிப்பு குருவைச் சுருக்கிவிடும். பரம்பொருள் எங்கும் உள்ளது என்பதை உண்மையாகவே நம்பும் ஒருவர், பயிரையும் தறியையும் பள்ளிக்கூடத்தையும் யாத்திரைக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. பித்ரு கடன் பின்னோக்கிச் செலுத்தப்படுவது. சிவகிரியில் குரு விதித்தது முன்னோக்கிச் செலுத்தப்படும் கடன், பிறக்கப்போகும் தலைமுறைகளுக்கு உரியது. பயணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகே அது தீர்க்கப்பட வேண்டியது என்பதால், இந்த யாத்திரையின் மிகக் கடினமான பகுதி ஜனவரி 2-ஆம் நாள்தான் தொடங்குகிறது.

குருவிடம் அனுமதி கேட்டவர்களின் சமூகத்துக்கு அந்நாளில் ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குள் செல்ல உரிமை இருக்கவில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது. அதே 1936-இல், ஜூன் மாதம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கான உடன்படிக்கையை ஏற்று, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் ஓய்வு உரியது என்று வகுத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டும் கூறியது ஒன்றையே. வழிபாடும் ஓய்வும் சிலருடைய சொத்தாக இருக்கலாகாது என்பது அது. விடுமுறையை இழிவாகப் பேசும் சமயவாதிகள், அது உழைப்பவர்கள் போராடிப் பெற்ற உரிமை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஓய்வுக்குத் தத்துவ உலகிலும் உயர்ந்த இடம் உண்டு. மனிதர் வேலையில் ஈடுபடுவதே ஓய்வை அடைவதற்காக என்று கருதிய அரிஸ்டாட்டில், அந்த ஓய்வில்தான் மெய்ப்பொருளைச் சிந்திக்கும் வாழ்வு கூடும் என்றார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் யோசெஃப் பீப்பர் 1948-இல் வெளியான நூலில், ஓய்வின் வேர் திருவிழாவில் இருக்கிறது, திருவிழாவின் வேர் வழிபாட்டில் இருக்கிறது என்று வாதிட்டார். இதற்கு மாறாக, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பஸ்கால், தன்னோடு தனித்திருக்க அஞ்சும் மனிதன் கேளிக்கைகளில் ஒளிந்துகொள்கிறான் என்று கண்டார். கடலைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் சும்மா இருப்பவரிடம் இவர்களில் யாருடைய சொல் பலிக்கிறது என்பதை வெளியிலிருந்து எவரும் தீர்மானிக்க முடியாது. சும்மா இருத்தலைச் சுகம் என்று போற்றிய மரபில் வந்தவர்கள், அந்தப் பயணியின் மௌனத்தை வெறும் சோம்பல் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஆயினும் விடுமுறை தன் இயல்பிலேயே மறைத்துவைக்கும் ஒன்று இருக்கிறது. யூத மறையின் உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் விதிக்கப்படும்போது, அந்த ஓய்வு வீட்டுக்காரனோடு நிற்பதில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் எருதும் கழுதையும் ஊருக்குள் தங்கும் அந்நியனும் அதில் பங்குடையவர்கள், ஏனெனில் ஓய்வெடுப்பவனும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தவன். புனித ஓய்வு எல்லோருக்கும் ஒரே நாளில் வருவது. கடற்கரை ஊரின் ஓய்வோ ஒருவர் இளைப்பாற மற்றொருவர் உழைப்பதால் மட்டுமே கிடைப்பது: அறையைத் துடைப்பவர், மீன் பொரிப்பவர், இரவில் காவல் நிற்பவர் ஆகியோர்க்குப் பருவகாலம் முழுவதும் விடுமுறை இல்லை. மழைக்காலத்தில் பயணிகள் குறையும்போது அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு, பலருக்கு வருமானம் இல்லாத ஓய்வு. எவர்க்கும் பதில் சொல்ல வேண்டாத நிலை என்று பயணி அனுபவிப்பது, அந்தப் பொறுப்பு இன்னொருவர் தோளுக்கு மாற்றப்பட்ட நிலையாகவே இருந்துவிடுகிறது. குன்றின் விளிம்பு வரை கட்டடங்கள் நெருங்கியிருப்பதும், மழையும் அலையும் அரிக்கும் அந்த மண்ணின் மேல் சுமை ஏறுவதும் இதே மறதியின் வேறு வடிவங்கள்.

பாபநாசத்தில் பலியிடுவோரைப் படம் எடுக்கும் விடுமுறைப் பயணியின் செயலையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும். நம்பிக்கை இல்லாத ஒருவர் அங்கே நிற்பதால் தீர்த்தம் தீட்டுப்படுவதில்லை. ஆனால் தந்தையின் பெயரைச் சொல்லிக் கண்ணீரோடு நீரில் இறங்கும் ஒருவரைக் காட்சியாக்குபவர், எதிரே இருப்பவர்க்குத் தாம் பட்டிருக்கும் மிகச் சிறிய கடனையும் மறுத்துவிடுகிறார். தள்ளி நின்று, கருவியை இறக்கி, அவர் கரையேறும் வரை வழிவிட்டு நிற்பவரோ, மந்திரம் எதுவும் அறியாமலே அந்தக் கடனைச் செலுத்தியவராகிறார். அவர் விடுமுறைக்கு வந்தவரா யாத்திரைக்கு வந்தவரா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல, குரு வகுத்த ஐந்து தூய்மைகளைக் கொண்டு அளந்தாலும், யாராலும் இயலாது.