மறைக்கும் கம்பி

கம்பி சுற்றி நகை செய்யப் பெரிய முதல் தேவையில்லை. இரண்டு குறடு, ஒரு வெட்டி, சட்டத்துக்கு 0.8 மில்லிமீற்றர் செப்புக் கம்பி, சுற்றிக் கட்ட 0.4 மில்லிமீற்றர், மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கல் ஒன்று. பற்றாசும் நெருப்பும் வேண்டாம்.

மகளின் முதற் பதக்கத்தில் கல்லின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. “இன்னொரு சுற்றுப் போட்டால் தெரியாது வாப்பா” என்றாள்.

பொய் எதுவும் சொல்லவில்லையே என மனம் வாதாடும். ஆனால் கல்லைத் தாங்கும் சுற்று எது, குறையை மூடும் சுற்று எது என்பதைச் செய்தவர் மட்டுமே அறிவார். வாங்குபவர் அறியமுடியாது என்பதனாலேயே சொல்லும் கடமை விற்பவர்மீது விழுகிறது. செம்பு கறுக்கும், தோலில் பச்சை படியும் என்பதும் அவ்வாறே.

சொன்னால் விலை நூறு ரூபா குறையலாம். சொல்லாமல் பெறும் அந்த நூறு ரூபா கைவேலையின் கூலியாகாது. வாங்கியவரின் அறியாமையிலிருந்து எடுத்தது.