அழாத பிள்ளை

பங்கின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும் நம்மிடம் இளந்தாய்மார் பெருமையோடு கூறுவதுண்டு: "சமர்த்துப் பிள்ளை சாமி, அழவே அழாது." நாமும் மகிழ்ந்து, சிரசில் கைவைத்து ஆசீர் அளித்துத் திரும்புகிறோம்.

பிறவியிலேயே இதயத்தில் துளையுள்ள குழந்தையும் சிலவேளை இப்படித்தான் இருக்கும். பால் குடிக்கும்போதே களைத்து உறங்கிவிடும், நெற்றி வியர்க்கும், மூச்சு விரையும், எடை கூடாது. அழுவதற்கும் வலிமை வேண்டுமன்றோ? அதன் சோர்வுக்கு நாம் சமர்த்து என்று பெயரிடுகிறோம்.

பேசாதவரின் மௌனத்திற்கு நம் வசதிப்படி பொருள் கூறும் வழக்கம் கற்றறிந்தோரிடமும் இருந்தது. கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு குழாய், பிறந்த சில நாள்களில் தானே மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் அது பலவேளை திறந்தே இருந்துவிடும். 1980களிலும், அதைக் கட்டி அடைக்க மார்பைத் திறந்தபோது, அசையாதிருக்கத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்தனர். வலியடக்கும் மருந்தைப் பல இடங்களில் போதிய அளவு கொடுக்கவில்லை. இத்தனை சிறிய உடல் மயக்க மருந்தைத் தாங்காது என்ற அச்சம் ஒருபுறம். பச்சிளங்குழந்தை வலியை உணராது என்ற கொள்கை மறுபுறம். அழ இயலாதபடி செய்துவிட்டு, அழாமையையே சான்றாகக் கொள்வது என்ன நியாயம்?

1987இல் மருத்துவர் ஆனந்தும் அவர்தம் தோழரும் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதே அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலியடக்கியையும் பெற்ற குழந்தைகளின் குருதியில், உடலின் வேதனையைக் காட்டும் சுரப்புகள் குறைந்திருந்தன. பின்வந்த சிக்கல்களும் குறைந்தன.

வெல்ல முடியாத அறியாமை குற்றமாகாது. முயன்றால் நீங்கும் அறியாமைக்கோ மனிதன் பொறுப்பாளி. குருமடத்தில் நாம் கற்ற பாடம் இது. அந்த மருத்துவர்களை எதில் சேர்ப்பது? அவர்களிடம் தீய எண்ணம் இல்லை. உயிரைக் காக்கவே முயன்றனர். எனினும், குதிகாலில் ஊசி பட்டதும் முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொள்ளும் சிசுவை நாள்தோறும் கண்ட செவிலியர் அருகிலேயே நின்றிருந்தனர். அவர்களைக் கேட்டிருக்கலாம். நீங்கக்கூடிய அறியாமை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறைப்படி, முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுதல் ஆகிய ஐந்திற்கும் 0 முதல் 2 வரை செவிலியர் எண்ணிடுகின்றனர். அழுகை அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. வேதனையை எண்ணால் அளப்பதா என்று முகம் சுளிப்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு மூன்று மணிக்குக் களைத்த கண்களுக்கு அந்த எண் துணை நிற்கிறது.

அண்மையில் ஒரு வீட்டில் மீண்டும் அதே பெருமையைக் கேட்டோம். "பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கிறதா, அம்மா?" என்றோம். அந்தத் தாய் உடனே விடை கூறவில்லை. குனிந்து குழந்தையின் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.