மூலன் உடலும் பழைய சர்வரும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கடற்காற்றின் உப்பும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் ஒருங்கே படியும் ஒரு தொழிற்சாலையில் கணிப்பொறிப் பிரிவைக் கவனித்துவரும் நண்பர் ஒருவர், அங்கே பல ஆண்டுகள் இரவு பகலாக ஓடித் தேய்ந்த சர்வரை மெய்நிகர் இயந்திரமாக மாற்ற எந்த மென்பொருளைக் கொள்வதென்று குழம்பியிருந்த நாளில், "கூடு விட்டுக் கூடு பாயுற வித்தை சார் இது, நடுவுல உயிர் நழுவிடக் கூடாது" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் பட்டினத்தார் சமாதி கொண்ட ஊரில் அதை விளையாட்டென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் முன்னிருந்த கருவிகளுள் டிஸ்க்-டு-விஹெச்டி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் சர்வரை நிறுத்தாமலே ஒரு கணத்தின் நிழற்பிரதியைப் பிடித்து வட்டு முழுவதையும் ஒரு கோப்பாக்கித் தருவது. குளோன்ஜில்லாவோ, இயந்திரத்தை முதலில் உறங்கவைத்து, தான் விழித்திருந்து பிரதி எடுப்பது. விஎம்வேர் கன்வர்ட்டர் 2022-இன் தொடக்கத்தில் பதிவிறக்கத்திலிருந்து விலக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் வெளிவந்தது. மென்பொருளுக்கும் மறுபிறப்பு உண்டு போலும். நொடிதோறும் கணக்கு எழுதிக்கொண்டேயிருக்கும் டேட்டாபேஸை உறக்கத்தில் வைத்துப் பெயர்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பெயர்வது எது? வட்டில் உள்ள எழுத்தெல்லாம் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்த பின்பும் புதிய இயந்திரம் கண்விழிக்க மறுப்பதுண்டு; பழைய வட்டுக் கட்டுப்பாட்டுப் பலகையைத் தேடுகிற டிரைவர், பழைய நெட்வொர்க் கார்டின் எண்ணோடு பிணைந்த லைசென்ஸ், முதுகுப்புறம் செருகியிருந்த டாங்கிள் என்று, விட்டுவந்த சரீரத்தின் வாசனைகள் அதைப் பின்தொடர்கின்றன. ஆகவே பிரதி எடுக்கும் வேகத்தைக் காட்டிலும், புதிய உடலுக்கேற்ற டிரைவர்களைப் பொருத்தும் ஆற்றலையே கருவியின் உண்மையான தகுதியாகக் கொள்ளவேண்டும்.

திரும்பிவரும் வழியைப் பற்றி நம் சரிதங்கள் இரு விதமாகப் பேசுகின்றன. அமருக மன்னனின் உடலுள் ஆதிசங்கரர் புகுந்தபோது அவருடைய சொந்தச் சரீரத்தைச் சீடர்கள் காத்திருந்தார்கள், அவரும் மீண்டார். சாத்தனூரில் பசுக்கள் கதறக் கண்டு இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் புகுந்த சிவயோகியார், மறைத்துவைத்த தம் உடலைத் தேடிச் சென்றபோது, இறைவன் அதை இல்லாமற் செய்திருந்தான். அவர் திருமூலராகவே நிலைத்தார். என் நண்பர் சங்கரர் கட்சி. புதியது சரியாக ஓடும் என்ற நம்பிக்கை பிறக்கும்வரை பழையதைக் கேபிள் பிடுங்கி ஓரமாக வைத்திருக்கிறார்.

கேபிள் பிடுங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. யோகி நீங்கிய உடல் வெறுங்கூடாகிறது, பிரதி எடுக்கப்பட்ட சர்வரோ ஒன்றும் குறையாமல், தானே அசல் என்று, அதே பெயரும் அதே முகவரியும் கொண்டு நெட்வொர்க்கில் எழுந்துவிடும், இரண்டும் மோதிக்கொள்ளும். எனவே கூடு பாய்தல் என்ற உவமை இங்கே முறிகிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றினால் சுடர் இடம்பெயர்ந்ததா என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் காட்டிய பௌத்த உவமையே, ஏற்றிய பின்னும் முதல் விளக்கு எரிவதால், பொருந்தும் என்று தோன்றுகிறது. கலிய நாயனார் எண்ணெய் வார்த்துத் திருவிளக்கிட்ட இவ்வூருக்கும் அது அந்நியமன்று. 1955-இல் தொடங்கிய கூட்டுறவின் பயனாக இங்கிலாந்தின் ரெடிட்சிலிருந்து இங்கு வந்த புல்லட் மோட்டார் சைக்கிள், ஆங்கிலத் தாய்க்கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் மறைந்த பின்பும் இவ்வூரில் உருவாகிக்கொண்டே இருந்ததே. அதை மறுபிறப்பென்பதா, ஏற்றிவைத்த இரண்டாம் விளக்கென்பதா?

சென்ற ஆயுத பூஜையன்று அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். லேத்துக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டே வந்த முதிய ஃபிட்டர், சர்வர் அறையில் சற்றே தயங்கினார். ஒரே பெட்டிக்குள் ஒன்பது இயந்திரங்கள் இருக்கின்றன என்று நண்பர் சொல்லக் கேட்டு, பெட்டியின் நெற்றியில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். பிறகு மூலையில் கேபிள் இல்லாமல் கிடந்த பழைய சர்வரைக் கண்டு, "இது செத்துப்போச்சா, தூங்குதா?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்லுமுன்னே அதற்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.