வைத்தியர் உறங்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஜமாஅத்தார் கலைந்து செல்லும் வரை ஹவுளின் ஓரத்தில் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். பெரிய மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் டாக்டர் அவர். "ஹஸ்ரத், ஒரு மஸ்அலா" என்றார். தொழுகை பற்றியோ வட்டி பற்றியோ கேட்பார் என்று எண்ணினேன்.

ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பகல் என்று தொடர்ந்து பணி செய்திருக்கிறார். நடுவில் அதிகாலையில் இன்னொரு டாக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அரை மணி நேரம் கண்ணயர்ந்தாராம். அந்த நேரத்தில் ஒரு முதியவர் மவுத்தாகிவிட்டார். செய்ய வேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டன. ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. "நான் உறங்கியது பாவமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே நா எழவில்லை. காரணத்தை மறைப்பானேன்? இரண்டாண்டுகளுக்கு முன் என் மாமா இத்தகைய பிரிவில் கிடந்தபோது, வெளியே ஒரு டாக்டர் உட்கார்ந்து தேநீர் அருந்துவதைக் கண்டு, 'உள்ளே உயிர் ஊசலாடுகிறது, இவருக்குத் தேநீர் கேட்கிறதா?' என்று மனம் கொதித்தவன் நான். நம் வீடுகளில் பலரும் அப்படித்தான் கொதித்திருப்போம்.

மார்க்கம் என்ன கூறுகிறது? கோபமாக இருக்கும் நிலையில் காழி தீர்ப்பு வழங்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஃபிக்ஹு மேதைகள் இதைக் கோபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கடும் பசி, தாகம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றையும் இதில் சேர்த்தார்கள். ஏனெனில் சிந்தனையைக் கலைப்பதுதான் தடைக்குக் காரணம். பொருள் பற்றிய வழக்கிலேயே இப்படியென்றால், நொடிப்பொழுதில் உயிர் பற்றி முடிவெடுக்கும் வைத்தியரைப் பற்றி என்ன சொல்வது? அவருடைய உறக்கம் அவரது ஹக்கு மட்டுமன்று, கட்டிலில் கிடப்பவரின் ஹக்கும்தான்.

இதற்கு உலக அனுபவமும் சான்று பகர்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய பயிற்சி டாக்டர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை வாங்கிய பழைய முறையில், நேரத்தைக் குறைத்த முறையை விடக் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகமாக நிகழ்ந்திருந்தன.

அப்படியானால் மணிக்கணக்கைக் குறைத்துவிட்டால் போதுமா? போதாது. 2020-ல் அதே நாட்டில், குழந்தைகளுக்கான 6 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றிய ஆய்வொன்று வந்தது. நீண்ட பணிநேரத்தை ஒழித்த முறையில் தவறுகள் மொத்தத்தில் கூடியிருந்தன! காரணம் என்ன? நேரம் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு டாக்டரின் தலையிலும் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த வித்தியாசத்தையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, புதிய முறையால் தவறு கூடியது என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று.

இங்கேதான் தலைமையின் பொறுப்பு வருகிறது. பணியாளர் மீது தாங்க முடியாததைச் சுமத்தலாகாது, சுமத்தினால் தானும் கைகொடுக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. 'நீ போய் ஓய்வெடு' என்று சொல்லிவிட்டு, மாற்று ஆளை ஏற்பாடு செய்யாத தலைவர் பாதிக் கட்டளையைத்தான் நிறைவேற்றியிருக்கிறார்.

1952-ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுவிட இயலாத நிலைக்கு ஆளான முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோயினர். சுவாசத்துக்கு உதவும் இயந்திரங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. தலைமை வைத்தியர் லாசென், தம் துறையைச் சாராத மயக்க மருந்து வைத்தியர் இப்சென் என்பவரை அழைத்து ஆலோசனை கேட்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சைச் செலுத்தலாம் என்றார் இப்சென். சரி, இரவும் பகலும் வாரக்கணக்கில் அழுத்துவது யார்? மாணவர்களை அழைத்துப் பழக்கினார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, ஒருவர் எழ மற்றவர் அமர்ந்து, பிறருக்காக மூச்சிழுத்தார்கள். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு காக்கப்பட்டனர். மரணம் வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு இப்சென் அந்நகரில் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாட்டுக்கே அதை முன்னோடி என்பார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் காத்தது உறங்காத ஒரு வீரர் அல்லர். தமக்குத் தெரியாததைக் கேட்கத் துணிந்த ஒரு தலைவரும், பிறருக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வைத்தியரும், முறை முடிந்ததும் எழுந்து சென்ற மாணவர்களும்தான்.

அந்த இளைஞரிடம் இதையே சொன்னேன். "தம்பி, பொறுப்பேற்க யாருமின்றி உறங்கியிருந்தால் அமானிதத்தில் குறை செய்தவராவீர்கள். விழித்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கினீர்கள். மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா. அதை உங்கள் ஒருவர் மீதே விதியான ஃபர்ளு ஐன் என்று எண்ணிக்கொண்டீர்கள்."

அவர் சற்று மௌனமாக இருந்தார். "களைப்பு என்று சொன்னால் கையாலாகாதவன் என்பார்கள், ஹஸ்ரத். எங்கள் பெரியவர்கள் மூன்று நாள் உறங்காத கதைகளைத்தான் எங்களுக்குச் சொல்வார்கள்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மத்ரஸாவில் எங்களுக்கும் அதே கதைகள்தாம்! இரவெல்லாம் விழித்துப் பாடம் பார்த்துவிட்டு, காலையில் உஸ்தாதின் முன் கிதாபைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவன் நான்.

இவ்வாரம் மீண்டும் சந்தித்தோம். அவருக்குக் கீழே புதிதாக மூன்று பயிற்சி டாக்டர்கள் சேர்ந்திருக்கிறார்களாம். தெரியாவிட்டாலும், கண் சொக்கினாலும், எந்த நேரமானாலும் தம்மை எழுப்பலாம் என்று அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம். மூன்றாம் இரவே ஒரு பெண் எழுப்பிவிட்டார் என்றார், சற்றுப் பெருமையாகவே.