காயத்துக்கு என்ன பயன்?

2022 ஜூலையில் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் மோ ஃபரா தன் உண்மையான பெயரைச் சொன்னார்: ஹுசைன் அப்தி காஹின். மொஹமட் ஃபரா என்பது வேறொரு பிள்ளையின் பெயர். சோமாலிலாந்தில் பிறந்து, நான்கு வயதில் சண்டையில் தகப்பனைப் பறிகொடுத்து, ஒன்பது வயதளவில் ஜிபூத்தியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணால் அந்தப் பெயரில் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கவும் வீட்டுவேலை செய்யவும் வைத்திருந்தார்கள். உறவினரின் முகவரி எழுதிய தாளை அந்தப் பெண் அவர் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டாராம்.

வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அதிர்ந்துபோன அளவுக்கு எங்கள் ஆட்கள் அதிரவில்லை. தலைமாற்றின பாஸ்போர்ட், ஏஜென்சி சொல்லித்தந்த பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் வீட்டில் ஒரு பெயர். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் இவற்றையெல்லாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. என் கவனம் போனது வேறொன்றில். அந்த வீட்டிலிருந்தும் அந்த நினைவுகளிலிருந்தும் தப்ப அவருக்கு இருந்த ஒரே வழி வெளியே போய் ஓடுவதுதான் என்று அவரே அந்தப் படத்தில் சொல்கிறார். 2012 ஆகஸ்ட் 4ஆம் திகதி ஸ்ட்ராட்ஃபோர்ட் அரங்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் அவர் முந்தியபோது வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். ஒரு வாரம் கழித்து 5,000 மீற்றரிலும் தங்கம். அந்த ஓட்டத்துக்குள் தப்பியோடும் ஒரு சிறுவன் இருந்தான் என்று தெரிந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சிறுவனைப் பன்னிரண்டு வயதில் யாரேனும் முழுதாகக் குணப்படுத்தியிருந்தால், ஓடுவதற்கு அவனுக்கு ஒரு தேவையும் இல்லாமல் போயிருந்தால், அது நட்டமா?

விடையை நான் உடனே சொல்லிவிடுவேன்: இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது என் குரல் போதிய உறுதியோடு வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். பதக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக அன்றைக்குத் தோன்றியது அல்லவா.

விளையாட்டு வீரர்களின் மனத்தைக் கவனிக்க இன்று இரண்டு வகையானவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் உளவளத்துணையாளர். ஈழத்தில் சுனாமிக்கும் போருக்கும் பிறகு பரவலான அந்தச் சொல் எனக்குப் பிடித்தமானது. அதில் துணை இருக்கிறது. மற்றவர் மனத்திறன் பயிற்றுநர். போட்டிக்கு முன் மூச்சை எப்படி விடுவது, தோற்ற ஆட்டத்தை அடுத்த நாள் எப்படி மறப்பது, நித்திரை வராத இரவில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பவர். இரண்டாமவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2011இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த பாடி அப்டன், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்கச் சம்பியனான சென்னைப் பிள்ளை குகேஷோடும் வேலை செய்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அடுத்த நாள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்வது சின்ன விசயமில்லை.

சிக்கல் இந்த இரண்டு வேலைகளும் ஒரே ஆளிடம் வந்து சேரும்போது தொடங்குகிறது. இப்போது அப்படித்தான் வந்து சேர்கின்றன. 'மனவடுவை அறிந்த பயிற்சி' என்பது விளையாட்டுத் துறையில் வேகமாகப் பரவும் சொல்லாகிவிட்டது. அதன் அடிப்படை நல்லது. உனக்கு என்ன கோளாறு என்று கேட்காதே, உனக்கு என்ன நடந்தது என்பதை மனதில் வைத்து நட. பாதுகாப்பைக் கொடு, தெரிவைக் கொடு, சொல்லும்படி வற்புறுத்தாதே. ஆனால் சம்பளம் கொடுப்பவர் யார்? கழகம், சங்கம், சில வேளை பெற்றோர். அவர்கள் கேட்பது வெற்றி. அப்படியிருக்க, ஒரு பிள்ளையின் காயம் அந்தப் பிள்ளையை வேகமாக ஓடவைக்கிறது என்று கண்டால் அந்த ஆள் என்ன செய்வார்?

விளையாட்டே காயப்படுத்துகிறது என்பதும் இங்கே தெரிந்த சங்கதிதான். பிரித்தானிய ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022 ஜூனில் வந்த ஆன் வைட்டின் அறிக்கைக்கு 400க்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அவற்றில் 40 வீதத்துக்கு மேலானவை உடல்ரீதியான கொடுமையைச் சொல்லின. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் நல்ல பெற்றோர். பதக்கம் வரும் என்றால் பிள்ளை அழுவதைப் பொறுக்கலாம் என்று அவர்களும் பழக்கப்பட்டிருந்தார்கள்.

சிமோன் பைல்ஸை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். டோக்கியோவில், 2021 ஜூலையில், அணி இறுதிப்போட்டியின் நடுவே விலகினார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறேன் என்ற உணர்வே அவருக்கு அற்றுப்போனது. அணி வைத்தியரால் பாலியல் கொடுமைக்கு ஆளான நூற்றுக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். அந்த செப்டெம்பரில் அமெரிக்கச் செனற்றில் சாட்சி சொன்னார். பாரிஸில் 2024இல் திரும்பி வந்து மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அணி இறுதிப்போட்டியன்று காலையில்கூடத் தன் சிகிச்சையாளரோடு பேசியதாகச் சொன்னார். பார்த்தீர்களா, உளவளத்துணை வேலை செய்கிறது என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் பாரிஸில் அவர் விழுந்திருந்தால் அந்தச் சிகிச்சை வீணாகியிருக்குமா?

மார்கஸ் ட்ரெஸ்கோதிக்கின் கதையை ஆட்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் தொடக்கத் துடுப்பாட்டக்காரர். 2006இல் இந்தியாவிலிருந்தும், பிறகு அதே ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் வீடு திரும்பினார். மனஅழுத்தம். 2008இல் சர்வதேசக் கிரிக்கெட்டை விட்டார். ஆனால் தன் ஊரான சமர்செட்டுக்காக 2019 வரை, நாற்பது வயது தாண்டியும், விளையாடிக்கொண்டிருந்தார். பதக்கக் கணக்கு எழுதுபவருக்கு அது பாதியில் நின்றுபோன வாழ்க்கை. தன்னால் நித்திரை கொள்ள முடியும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நின்ற மனிதராக அவரை நான் பார்க்கிறேன். இரண்டு பேரில் யாருக்குச் சிகிச்சை நன்றாக அமைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

காயத்துக்குப் பெறுமதி தேடும் பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. விழுப்புண் என்று ஒரு சொல்லையே வைத்திருப்பவர்கள் நாங்கள். மார்பில் பட்டால் புகழ், முதுகில் பட்டால் இழிவு. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருதபோது மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்துவிட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரனை இன்றும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். அந்த மனிதனுக்கு நொந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் முதுகுகளை வேறுவிதமாகப் பார்த்தார்கள். நான் இருபது வருடங்களுக்கு மேலாக இங்கே மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்கிறேன். மொழிபெயர்ப்பாளன் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றே சொல்லவேண்டும். அதனால் எனக்கு நடக்காத பலவற்றை நான் எனக்கு நடந்ததாக ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அகதி விசாரணையில் காயம் ஒரு சான்று. எத்தனையாம் திகதி, எந்தக் கை, எத்தனை பேர். திகதி பிசகினால் காயமும் பொய். 2019இல் இந்நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கை எங்கள் சட்டத்தரணிகளுக்குத் தெரியும். கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகள், சித்திரவதையில் வந்தவையா அல்லது கேஸுக்காக வேறொருவரைக் கொண்டு தானே சுடுவித்துக்கொண்டவையா என்பதுதான் அங்கே விவாதம். நீதிபதிகள் அவருடைய மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அப்படியொரு கேள்வி கேட்கப்படக்கூடிய ஒரு சமூகத்தில், 'உனக்கு என்ன நடந்தது, பாதுகாப்பாகச் சொல்லலாம்' என்று ஒருவர் கனிவாகக் கேட்டால் எங்கள் ஆட்கள் ஏன் கோப்பு எங்கே என்று பார்க்கிறார்கள் என்பது விளங்கும். மோ ஃபராவுக்கும் அந்தப் பயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று வழக்கறிஞர் அந்தப் படத்திலேயே எச்சரிக்கிறார். படம் வந்ததும் உள்துறை அமைச்சு நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. நான்கு ஒலிம்பிக் தங்கம் இல்லாத ஒரு ஹுசைனுக்கு அந்த அறிவிப்பு அவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அவருக்கு உதவிய ஆசிரியரைப் பற்றி யோசிப்பேன். ஃபெல்தமில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த அலன் வொட்கின்சன். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது, விளையாட்டு மொழி மட்டும் விளங்கியது என்று அவர் சொல்கிறார். பிள்ளை ஒரு நாள் வாய் திறந்தபோது அவர் செய்தது சமூக சேவையாளரைக் கூப்பிட்டது. பிள்ளை வேறொரு சோமாலிக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனான். ஓட்டம் நன்றாக வருகிறது, இந்த வேதனையையே பிடித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. முதலில் வீடு. பிறகு, லற்வியாவில் ஓடப் போகவேண்டி வந்தபோது, பத்திரங்களுக்காக அலைந்தார். பயிற்றுநர்களுக்கு நடத்தும் வகுப்புகளில் இந்த ஒழுங்கை முதல் நாளே சொல்லிக்கொடுக்கலாம்.

வடக்கு இலண்டனில் ஃபின்ஸ்பரி பார்க்கில் சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்கான நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கியது. எங்கள் ஆட்கள் பலர் அந்தக் கதவால் போய் வந்தவர்கள். ஆர்சனல் கழகத்தின் சமூகப் பிரிவோடு சேர்ந்து அவர்கள் ஒரு காற்பந்துக் குழுவை நடத்தினார்கள். அதைப் பற்றி 2019இல் ஓர் ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. அங்கே கிண்ணம் இல்லை. கதை சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உடம்பை வேதனைக்கு மட்டுமே தெரிந்த ஒருவர் அதே உடம்பால் பந்தை உதைக்கிறார், வியர்க்கிறார், சிரிக்கிறார். மற்றவர்களின் காயத்திலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளாமல் அவர்களோடு இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் இது.

எடுத்துக்கொள்வது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்பதை ஹரோவில் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் கண்டேன். மகளுக்குப் பதினைந்து வயது. 400 மீற்றர் ஓடுகிறாள். அவளுடைய கழகத்துக்கு மனத்திறன் பயிற்றுநர் ஒருவர் வந்து, உங்களை ஓடவைப்பது எது என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார். இவள், தான் பிறப்பதற்கு முன்னமே 2009இல் வன்னியில் இறந்துபோன சித்தப்பாவைச் சொல்லியிருக்கிறாள். அறை அமைதியானதாம். கடைசி நூறு மீற்றரில் அவரை நினைத்துக்கொள், அதுதான் உன் சக்தி என்று அந்தப் பயிற்றுநர் சொன்னாராம். பெருமையோடுதான் வீட்டில் வந்து சொன்னாள். கெட்ட மனிதர் இல்லை அவர், அந்த அறையில் அவருக்குக் கிடைத்ததிலேயே பாரமான ஒன்று அது, எடுத்து வேலைக்கு வைத்தார். எங்கள் வீடுகளில் நாங்கள் செய்வதும் அதுதானே. நாங்கள் பட்ட பாட்டுக்கு நீ டொக்டராக வேணும் என்று சொல்லாத தகப்பன் இந்த நகரத்தில் எத்தனை பேர்?

நண்பர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அது உனக்கு ஓடுறதுக்கு இல்லைப் பிள்ளை," என்றார்.

"அப்ப எதுக்கு?" என்று கேட்டாள். "நீங்களும் ஒண்டும் சொல்லுறேல்லை. படம் மட்டும் சுவரிலை கிடக்கு. அப்ப நான் அதை என்ன செய்யிறது, அப்பா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காயத்தைப் பயன்படுத்தாதே என்று சொல்வது எங்களைப்போல வாய் மூடி இருந்தவர்களுக்கு எளிது. அவளுக்கு அது பூட்டிய பெட்டி. பயிற்றுநர்தான் முதல்முதலாகத் திறக்கச் சொன்ன ஆள்.

அன்றைக்கு நண்பர் பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது காரில் ஏதோ சொல்லத் தொடங்கினாராம். செல்லடியைப் பற்றி இல்லை. சித்தப்பாவுக்கு ஓடவே வராது, இல்ல விளையாட்டுப் போட்டியில் எப்போதும் கடைசி, ஒருமுறை செருப்புத் தொலைந்துபோகும் என்று இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான், கோட்டைத் தாண்டினதும் அறிவிப்பாளரிடம் போய்த் தன் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லச்சொல்லிக் கேட்டான் என்று.