மணப்பந்தலுக்கு வரும் மூதாதையர்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இருவர் அண்மையில் என்னைக் காண வந்தனர். பெண் நம் பங்கைச் சேர்ந்தவள். இளைஞனோ அருகிலுள்ள சிற்றூரில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். சாதியும் வேறு. "எங்கள் முன்னோர் பொறுக்கமாட்டார்கள்" என்பதே இரு வீட்டாரின் வாதமும். இறந்தோரின் பெயரால் வாழ்வோரின் அன்பைத் தடுக்கலாமா?

மணவிழாவில் முன்னோரை நினைப்பது உயர்ந்த பண்பாகும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள், மூதாதையர் உருவங்கள் செதுக்கப்பட்ட தம் பொதுமண்டபத்தின் முன் விருந்தினரை வரவேற்கையில், இறந்தோரையும் விளித்துப் போற்றுவர். காஞ்சிபுரம் வட்டாரத்தில் திருமணத்திற்கு முன் பூவாடைக்காரி வழிபாடு நிகழும். குடும்பத்தார் குளக்கரையிலோ கிணற்றடியிலோ அவளை அழைத்து, பூச்சுற்றிய கலசத்தில் வீட்டிற்குக் கொணர்ந்து, புதுப்புடவை படைத்து ஆசி வேண்டுவர். நம் இல்லத்தாரும் மணநாளுக்கு முன் கல்லறைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றுவதுண்டு.

ஆனால் மரபு முழுவதையும் அப்படியே ஏற்க வேண்டுமா? 1704-இல் திருத்தந்தையின் தூதரான தூர்னோன், புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவருக்குத் தடைசெய்தார். சிலுவை பொறித்த தாலியை ஏற்றார். உருவம் மாறியது; தாலி நிலைத்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருமணத்தில் அந்தந்த நாட்டின் போற்றத்தக்க வழக்கங்களைக் காக்குமாறு பணித்தது. 'போற்றத்தக்க' என்னும் சொல்லைக் கவனியுங்கள். புடைத்தெடுத்த பின்பே நெல் களஞ்சியம் சேரும். அன்பும் நன்றியும் நெல்மணிகள்; சாதி பதர்.

இளைஞனின் பாட்டனாரிடம் கேட்டேன்: "ஐயா, உங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார்?"

சற்று நேரம் மௌனமாயிருந்தவர், "என் அக்காள். கல்யாணம் ஆகுமுன்னே காய்ச்சலில் போய்விட்டாள்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. மணப்பந்தலுக்கு முதலில் அழைக்கப்படுபவர் குலப்பெருமை பேசும் பாட்டன் அல்லர். கன்னியாகவோ சுமங்கலியாகவோ, வாழ்வு நிறைவுறாமல் மறைந்த பெண். அவளுக்குப் படைக்கும் புடவை, அவள் பெறாத மகிழ்ச்சிக்கு நாம் செலுத்தும் கடன். அவள் பெயரைச் சொல்லி இன்னொரு பெண்ணின் வாழ்வை முறிப்பது அக்கடனைச் செலுத்தும் வழியாகுமா?

"உங்கள் அக்காள் இவர்களைத் தடுப்பாரா?" என்றேன்.

பெரியவர் விடை கூறவில்லை, எழுந்து போய்விட்டார். இரு வீட்டாரும் இன்னும் இசையவில்லை. ஆயினும் அக்கேள்வி அவருடன் வீடு சென்றிருக்கிறது. நம் வீடுகளிலும் அது கேட்கப்படட்டும்.